டிரசாஜ் குதிரைக்கு வெஸ்டர்ன் பிட்: அறிகுறி வாரியாகக் கோளாறு பார்க்கும் முறை

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், இந்தக் கோளாறு எங்கள் லாயத்துக்குத் தவறாமல் வந்துவிடும். குதிரை டிரசாஜ் (வாரில் மெல்லிய தொடர்போடு துல்லியமாக நடக்கப் பழக்கும் சவாரி முறை) பழகியது. சொந்தக்காரருக்கு வெஸ்டர்ன் சவாரியில், அதாவது அமெரிக்க மாட்டுப்பண்ணைப் பாணிச் சவாரியில், ஆசை வந்து இணையத்தில் சேணம் வாங்குகிறார். அதோடு ‘மென்மையான வெஸ்டர்ன் ஸ்னாஃபில்’ என்று எழுதிய பிட் (குதிரையின் வாயில் மாட்டும் கடிவாள இரும்பு) ஒன்றும் வருகிறது. மாட்டிய முதல் நாளே, பல வருடம் அடக்கமாக நடந்த குதிரை தலையை உதறுகிறது, வாயைப் பிளக்கிறது, சொல்லாமலே பின்னால் நடக்கிறது. “அண்ணே, குதிரை கெட்டுப்போச்சு” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் குதிரை நன்றாகத்தான் இருக்கும். வாயில் இருப்பது அதற்குப் புரியவில்லை, அல்லது வலிக்கிறது.

கோலாலம்பூருக்கு வடக்கே, ரவாங் பக்கத்து லாயம் ஒன்றில் சேணச் சாமான்களைக் கவனிப்பது என் வேலை. அப்பா ஜாலான் அம்பாங் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைக்காரராக, இருந்தவர். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் அதே இடம். இரும்பை மாட்டுவதற்கு முன் விரலை வைத்துப் பார் என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த விரல் வேலைதான். இந்த வாய்க்கு அளவு சரியா, நெம்புகோல் இருக்கிறதா, இந்தக் குதிரைக்கு அது பழகிய பாஷையா என்று மூன்றையும் பார்த்த பிறகே ஒரு பிட்டை மென்மையானது என்று என்னால் சொல்ல முடியும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நான் படிப்பதே இல்லை.

முதலில் பிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நாம் கையில் பிடிக்கும் வார் பிட்டில் எங்கே மாட்டுகிறது? வாய்க்கம்பி சேரும் அதே வளையத்தில் வார் மாட்டினால் அது ஸ்னாஃபில். கை இழுக்கும் அளவுதான் வாய்க்குப் போகும். வாய்க்கம்பிக்குக் கீழே இறங்கும் ஷாங்க் என்ற பக்கக் கம்பியின் நுனியில் வார் மாட்டினால் அது கர்ப். நடுவில் மூட்டு இருந்தாலும் சரி, கடைக்காரர் ஸ்னாஃபில் என்று எழுதியிருந்தாலும் சரி, அது கர்ப்தான். டாம் தம்ப் ஸ்னாஃபில், அர்ஜென்டைன் ஸ்னாஃபில் என்ற பெயர்களில் விற்பவை இரண்டும் இந்த வகை. என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது டாம் தம்ப்.

ஷாங்கை அளந்துகொள்ளுங்கள். வாய்க்கம்பிக்கு மேலே 1½ அங்குலம், கீழே 4½ அங்குலம் என்றால், வாரில் 1 கிலோ இழுக்கும்போது முகவாய்ச் சங்கிலியில் ஏறக்குறைய 3 கிலோ இறுக்கம் விழும். டிரசாஜ் கை எப்போதும் வாரில் ஒரு மெல்லிய தொடர்பை வைத்திருக்கும். அதே தொடர்பை அப்படியே கர்புக்குக் கொண்டுபோனால், குதிரைக்கு ஒரு நொடி கூட விடுதலை கிடைக்காது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் குதிரை டபுள் பிரைடிலில், அதாவது ஸ்னாஃபிலும் கர்பும் சேர்ந்த கடிவாளத்தில், போயிருக்கிறதா? போயிருந்தால் கர்ப் என்றால் என்னவென்று அதற்குத் தெரியும், வேலை பாதியாகக் குறையும். ஸ்னாஃபில் மட்டுமே பழகியது என்றால் கர்பை ஒரு புதிய பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது?

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். பிட்டுக்கு அடியில் ஹால்டர் (பிட் இல்லாத தலைக்கட்டு) போட்டு, கயிறு ஹால்டரில் இருக்கட்டும். பிட்டில் கயிறு கட்டிக் குதிரையைக் கம்பத்தில் நிறுத்தவே கூடாது. திடுக்கிட்டுப் பின்னால் இழுத்தால் நாக்கும் தாடையும் போய்விடும்.

முதல் கட்டம்: பிட் மட்டும். வாரும் வேண்டாம், சேணமும் வேண்டாம். பத்து நிமிடம் நடத்துங்கள். இங்கேயே உதறினால், அளவிலோ பல்லிலோ கோளாறு. அறிகுறி 1-க்குப் போங்கள்.

இரண்டாம் கட்டம்: வார் மாட்டி, தரையில் நின்றபடி விரல் நுனியால் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுப் பாருங்கள். இப்போது தொடங்கினால் வாய்க்கம்பியின் வடிவத்தைச் சந்தேகிக்கலாம். அறிகுறி 2, 4.

மூன்றாம் கட்டம்: வெஸ்டர்ன் சேணத்தைப் போட்டு, ஆள் ஏறாமல், ஹால்டரில் லஞ்ச் செய்யுங்கள், அதாவது நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுங்கள். இங்கே தொடங்கினால் பிட்டின் மேல் பழி போடாதீர்கள். ஓராண்டுக்கு முன் ஒரு பழுப்பு நிற கெல்டிங்குக்கு (காயடித்த குதிரை) மூன்று பிட் மாற்றியும் தலை உதறுவது நிற்கவில்லை. மூன்றாம் கட்டத்தில்தான் கண்டுபிடித்தோம். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனத்தின் அகன்ற முதுகுக்குச் செய்த சேணம், தோள்மேடு உயர்ந்த தரோபிரெட் என்ற பந்தய இனத்தின் முதுகில் முன்னால் இறங்கி அழுத்திக்கொண்டிருந்தது. நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகளில் நிற்பவற்றில் நிறைய பந்தயத் திடலிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட்டுகள். ஆகவே இந்தச் சிக்கல் இங்கே அடிக்கடி வரும். சேணம் பொருத்தத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நான்காம் கட்டம்: ஆள் ஏறியதும் தொடங்குகிறது. கை, உட்காரும் முறை, குதிரையின் பழைய பயிற்சி. அறிகுறி 3, 5.

அறிகுறி 1: மாட்டியதுமே தலையை உதறுகிறது, மூக்கை முன்னங்காலில் தேய்க்கிறது

*காதைப் பாருங்கள்.* ஒரு பக்கக் காதை மட்டும் வளைத்துப் போகும் வெஸ்டர்ன் ஹெட்ஸ்டால் (பிட்டைத் தாங்கும் தலைவார்) பார்க்க அழகாக இருக்கும். காது துளை சிறியதாக இருந்தால் காதடியை அறுக்கும். நெற்றிப்பட்டையும் தொண்டைப்பட்டையும் உள்ள சாதாரண ஹெட்ஸ்டாலை ஒரு நாள் போட்டுப் பாருங்கள். உதறல் நின்றால் செலவு அவ்வளவுதான். ஸ்னாஃபிலுக்கு எப்படியும் இந்த இரண்டு பட்டையும் உள்ளதுதான் நல்லது.

*உயரம்.* ஸ்னாஃபில் என்றால் கடைவாயில் ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் விழ வேண்டும். கர்ப் கொஞ்சம் கீழே இருக்கும். கடைவாயைத் தொட்டால் போதும், சுருக்கம் தேவையில்லை. டிரசாஜ் ஆட்கள் பழக்கத்தில் கர்பையும் இரண்டு சுருக்கத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஒரு துளை இறக்கிப் பாருங்கள்.

*அகலம்.* வெஸ்டர்ன் பிட்டுகள் பெரும்பாலும் 5 அங்குலத்தில், அதாவது 127 மி.மீ.யில் வருகின்றன. உங்கள் குதிரை ஐரோப்பிய வார்ம்பிளட் இனம் என்றால் 5½ அங்குலம் தேவைப்படலாம். அளக்க ஒரு மெல்லிய பருத்திக் கயிறு போதும். ஒரு முனையில் முடிச்சு போட்டு, பிட் இருக்கும் இடத்தில் வாய் வழியே விட்டு, முடிச்சை ஓர் உதட்டோரத்தில் வைத்து, மறு உதட்டோரத்தில் பேனாவால் குறியிடுங்கள். அந்த நீளத்தோடு 1 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு அரை செ.மீ. வெளியே நிற்கும். அதைவிடக் குறைந்தால் கன்னம் நசுங்கும். அதிகமானால் மூட்டு பிட் பக்கவாட்டில் ஓடி ஒரே இடத்தில் இடிக்கும்.

*முகவாய்ச் சங்கிலி.* சங்கிலிக்கும் முகவாய்க்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாகப் போக வேண்டும். வாரைப் பின்னால் இழுத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஷாங்க் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்த பிறகே சங்கிலி பிடிக்க வேண்டும். உடனே பிடித்தால் எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் அடிப்பது மாதிரி. சங்கிலி முறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை அங்குலத்துக்குக் குறையாத அகலமான தோல்பட்டை இருந்தால் சங்கிலியைவிட அதுவே மேல்.

*பல்.* மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் முதல் கட்டத்திலேயே உதறுகிறது என்றால் நிறுத்துங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கிறதே, அங்கேதான் பிட் உட்காரும். அதன் பின்கோடியில், முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், ஓநாய்ப்பல் என்ற சிறு பல் சில குதிரைகளுக்கு முளைத்திருக்கும். ஈறுக்குள்ளேயே மறைந்தும் இருக்கும். கடைவாய்ப்பல்லின் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதும் உண்டு. இதை நீங்கள் விரல் விட்டுப் பார்க்காதீர்கள். குதிரையின் கடைவாய்ப்பற்கள் விரலை எடுத்துவிடும். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, வாய் விரிப்பான் மாட்டிப் பார்த்து, அரத்தால் ராவுவார். பல் பார்த்து ஓராண்டு ஆகிவிட்டது என்றால் பிட் வாங்கும் பணத்தை முதலில் அதற்குக் கொடுங்கள். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையிலும் குதிரைகளைப் பார்க்கிறார்கள்.

அறிகுறி 2: வாரைத் தொட்டால் வாயைப் பிளக்கிறது, நாக்கைப் பிட்டுக்கு மேலே போடுகிறது

நாக்கு தப்பிக்க இடம் தேடுகிறது என்று அர்த்தம். இங்கே பலரும் செய்வது நோஸ்பேண்டை, அதாவது மூக்கைச் சுற்றும் பட்டையை, இறுக்குவது. தயவுசெய்து வேண்டாம். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பே நோஸ்பேண்டுக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே 1.5 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கருவி வைத்து அளக்கிறது. வாயைக் கட்டிவிட்டால் வலி போகாது, நம் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான்.

விரல் சோதனை இதற்குத்தான். குதிரையின் வாய் மூடியிருக்கும்போது, பிட் உட்காரும் பல் இல்லாத இடத்தில் பக்கவாட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மெதுவாக நுழையுங்கள். ஈறோடு ஒட்டியே இருங்கள், பின்னால் பற்கள் பக்கம் போக வேண்டாம். நாக்கும் மேலண்ணமும் விரலை இறுக்கினால் அந்த வாயில் இடம் குறைவு. தரோபிரெட்டுகளில் இது சகஜம்: நாக்கு தடிமன், தாடை குறுகல்.

தடித்த பிட் மென்மையானது என்ற பேச்சு இந்த வாய்களில் எடுபடாது. 20 மி.மீ. தடிமனில் ரப்பர் பிட் வாங்கிக் கொடுத்து, குதிரை நாள் முழுக்க வாயை மூட முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வாங்கிக் கொடுத்தவர் அன்பில்தான் வாங்கினார். டிரசாஜ் போட்டி விதியில் குதிரைகளின் ஸ்னாஃபிலுக்குக் குறைந்தபட்சத் தடிமன் 14 மி.மீ. இடம் குறைந்த வாய்க்கு அதை ஒட்டிய அளவே வசதி.

அடுத்து வடிவம். ஒற்றை மூட்டு பிட், இரண்டு பக்கமும் இழுக்கும்போது நடுவில் மடிந்து நாக்கை இரு பக்கமும் நெருக்கும். ஸ்னாஃபிலில் அது தாங்கக்கூடிய நெருக்கம். டாம் தம்பில் ஷாங்கும் சேர்ந்துகொள்வதால் நாக்கு, ஈறு, முகவாய் மூன்றிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் விழுகிறது. எதற்குக் கீழ்ப்படிவது என்று குதிரைக்குத் தெரியாது. முழங்கைக்குக் கீழே உங்கள் கையில் அந்தப் பிட்டை வைத்து, இன்னொருவரை இரண்டு வாரையும் இழுக்கச் சொல்லுங்கள். எனக்கு விளங்கியது அப்படித்தான்.

மாற்று, செலவு ஏறும் வரிசையில்:

குதிரை முன்பு எதில் நன்றாகப் போனதோ அதே வாய்க்கம்பி. பழைய டிரசாஜ் ஸ்னாஃபிலையே வெஸ்டர்ன் ஹெட்ஸ்டாலில் மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை.

நடுவில் சிறு துண்டு உள்ள இரட்டை மூட்டு ஸ்னாஃபில். அந்த நடுத்துண்டு உருண்டையாகவோ பயறு வடிவிலோ இருக்கட்டும். சாய்வாக வைத்த தட்டை தகடாக இருந்தால் அது டாக்டர் பிரிஸ்டல் வகை, நாக்கில் ஓரம் அழுத்தும்.

அப்புறம், நேரான அல்லது லேசாக வளைந்த மூட்டில்லா கம்பி. இடம் குறைந்த வாயில் சில குதிரைகளுக்கு இது மூட்டு பிட்டைவிட நிம்மதி.

இவ்வளவுக்கும் பிறகு நாக்கை மேலே போடுவது நிற்கவில்லை என்றால், அல்லது நாக்கில் வெட்டுத் தழும்பு தெரிந்தால், மருத்துவர் பார்க்கட்டும். சவாரியை விட மனமில்லை என்றால் அதுவரை பிட் இல்லாமல் மூக்குப்பட்டையில் வார் மாட்டும் சைட்புல்லில் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீண்ட ஷாங்க் உள்ள இயந்திர ஹாக்கமோரைப் பிட் இல்லை என்பதற்காக மென்மை என்று எண்ணிவிடாதீர்கள். மூக்கிலும் முகவாயிலும் அது கர்ப் மாதிரியே நெருக்கும்.

அறிகுறி 3: முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்கிறது, வாரில் ஒன்றுமே தெரியவில்லை

இதைக் கோளாறு என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரசாஜ் குதிரைக்கு நேரும் ஆபத்துகளில் மோசமானது இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும்.

படிப்பு முடித்த ஒரு பெண், தன் வார்ம்பிளட் பெட்டைக் குதிரைக்கு டாம் தம்ப் மாட்டி வந்தாள். “அங்கிள், கையில வெயிட்டே இல்ல. கழுத்த எப்படி வளைக்குது பாருங்க!” அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். குதிரையின் நெற்றிக்கோடு செங்குத்துக்குப் பின்னால் போயிருந்தது, வாய் காய்ந்திருந்தது, காது இரண்டும் பின்னால். “நல்லா வளைக்குதும்மா. இப்ப வார ஒரு சாண் முன்னால விடு.” விட்டாள். டிரசாஜ் பழகிய குதிரை, வார் நீளும்போது அதைத் தேடிக்கொண்டு கழுத்தை முன்னும் கீழுமாக நீட்ட வேண்டும். ஆரம்ப நிலைப் போட்டிகளிலேயே அது கேட்கப்படுகிறது. இந்தக் குதிரை நீட்டவில்லை. இருபது அடி நடந்தும் அப்படியே சுருண்டிருந்தது. பிட்டைத் தேடினால் வலிக்கும் என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டது. வருடக்கணக்காக உழைத்துக் கட்டிய நம்பிக்கை அது.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மணலில் நடைச்சுவட்டையும் பாருங்கள். பழைய பிட்டில் பின்னங்கால் முன்னங்கால் சுவட்டைத் தாண்டி விழுந்திருக்கும். இப்போது அதற்குள்ளேயே விழுந்தால் முதுகு இறுகியிருக்கிறது.

எளிய காரணம் முதலில்: வார் குட்டை. டிரசாஜ் நீளத்தில் கர்பைப் பிடித்திருக்கிறீர்கள். வெஸ்டர்ன் வாரில் தொய்வு இருக்க வேண்டும், அந்தத் தொய்வுதான் குதிரைக்கு ஓய்வு. அடுத்து, வாரின் கனம். நைலான் வார் காற்றில் ஆடி ஓயாமல் பிட்டை அசைக்கும். கனமான தோல் வார் தானாகத் தொங்கும். நீங்கள் கையைத் தூக்குவதற்கு முன்பே குதிரைக்குச் செய்தி போய்விடும். அதற்கும் அடுத்து, சங்கிலி இறுக்கம். கடைசியாகப் பிட்.

பிட்டை மாற்ற வேண்டி வந்தால் நான் சொல்வது ஒன்றே: பழைய ஸ்னாஃபிலுக்குத் திரும்புங்கள். டி வளையமோ பெரிய உருண்டை வளையமோ இருக்கட்டும், வெஸ்டர்ன் ஹெட்ஸ்டாலில் அது எடுப்பாகவே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நீட்டி நடப்பதையே செய்யுங்கள். குதிரை மறுபடி வாரைத் தேடி வரும்வரை கர்பை எடுக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் குதிரைக்கு ஏழு வாரம் ஆனது.

ஸ்னாஃபிலிலும் சுருண்டே போகிறது, முதுகைத் தொட்டால் சிலிர்த்து இறக்குகிறது என்றால் பயிற்சியாளர் போதாது. மருத்துவரும் சேணம் பார்ப்பவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

அறிகுறி 4: திருப்பினால் எதிர்ப்பக்கம் சாய்கிறது, அல்லது கழுத்து மட்டும் வளைகிறது

இரண்டு கையாலும் ஒரு பக்க வாரை இழுத்துத் திருப்புவது ஸ்னாஃபில் பாஷை. ஷாங்க் உள்ள பிட்டில் ஒரு பக்கம் இழுத்தால் முழுப் பிட்டும் வாயில் சாய்ந்து, எதிர்ப்பக்க ஷாங்க் கன்னத்தில் குத்தும். பாவம், குதிரை கன்னத்தில் படும் அழுத்தத்துக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. கர்ப் கழுத்தில் வார் படுவதற்குப் பழகிய குதிரைக்கானது. உங்கள் குதிரைக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றால் ஸ்னாஃபிலிலேயே கற்றுக்கொடுங்கள்: முதலில் கால், பிறகு வெளிவார் கழுத்தில், கேட்கவில்லை என்றால் மட்டும் உள்வார். டிரசாஜ் குதிரை காலுக்குப் பழகியது என்பதால் மற்றக் குதிரைகளைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்னாஃபிலே வாய்க்குள் இழுபட்டுப் போகிறதா? வளையம் சிறியது. பெரிய வளையமோ, மேலும் கீழும் கம்பி நீண்ட ஃபுல் சீக் வகையோ பார்க்கலாம். இரண்டு வளையங்களிலும் வாருக்குக் கீழே, முகவாய் வழியாக ஒரு தோல்பட்டையைத் தொளதொளவென்று மாட்டுவது வெஸ்டர்னில் வழக்கம். அதுவும் இழுபடாமல் காக்கும்.

எந்தப் பிட்டிலும், ஹால்டரிலும் கூட, ஒரே பக்கம் மட்டும் திரும்ப மறுத்தால் அது பிட் சமாச்சாரமே இல்லை. பல், கழுத்து, கால் நொண்டல் மூன்றில் ஒன்று. மருத்துவர்.

அறிகுறி 5: சாய்ந்து இழுக்கிறது, நிற்க மாட்டேன் என்கிறது

‘இன்னும் பலமான பிட்’ என்று கேட்டு வருகிறவர்கள் இந்த அறிகுறியோடுதான் வருகிறார்கள். நீண்ட ஷாங்க் வாங்கப்போகும் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள்.

பந்தயத் திடலில் ஓடிய குதிரைக்கு வாரின் இறுக்கம் வேகத்துக்கான துணை. ஜாக்கி இழுத்துப் பிடிக்க, அது சாய்ந்து ஓடும். நீங்கள் இழுக்க இழுக்க அது பழைய வேலையைச் செய்கிறது. இழுத்துப் பிடிக்காதீர்கள். கேளுங்கள், விடுங்கள், மறுபடி கேளுங்கள். வட்டத்தில் வேகத்தைக் குறையுங்கள். தீனியையும் பாருங்கள்: வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேலை செய்யும் குதிரைக்குப் பந்தயக் காலத் தானியம் எதற்கு? மாலை மழைக்குப் பயந்து நான்கு நாள் கட்டியே வைத்த குதிரையை ஐந்தாம் நாள் சோதித்துவிட்டுப் பிட்டைக் குறை சொல்லாதீர்கள்.

வாயில் பயத்தோடு ஓடுகிற குதிரையும் உண்டு. அது தலையைத் தூக்கி, கண்ணை விரித்து ஓடும். சாய்ந்து ஓடுவது தலையைத் தாழ்த்தி ஓடும். முதல் வகைக்கு அறிகுறி 1, 2 இரண்டையும் மறுபடி பாருங்கள். நிறுத்த முடியாமல் ஒரு தடவை ஓடிவிட்டது என்றால், அடுத்த தடவை தனியாக ஏற வேண்டாம். பயிற்சியாளர் மூடிய வளாகத்தில் முதலில் ஏறட்டும்.

அறிகுறி 6: கடைவாயில் புண், முகவாயில் முடி உதிர்வு

பஞ்சு ஒன்று எடுத்துப் பிட் முழுவதும் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே கூர். விலை குறைந்த முலாம் பிட்டில் முலாம் உரிந்து பிளேடு மாதிரி நிற்கும், தூக்கி எறியுங்கள். வளையம் சுழலும் துளை தேய்ந்திருந்தால் உதட்டைக் கிள்ளும். வளையம் நகராத எக்பட் அல்லது டி வகைக்கு மாறலாம்.

ஸ்வீட் அயர்ன் என்ற துருப்பிடிக்கும் இரும்பு வெஸ்டர்ன் ஆட்களுக்கு மிகவும் பிடித்தது. அந்தத் துருவின் சுவையில் குதிரைக்கு வாய் ஊறும் என்பார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. நம் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் துரு குழிவிழுந்து சொரசொரப்பாகிவிடும். இங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செம்பு பதித்தது எனக்குத் திருப்தி. எதுவானாலும் சவாரி முடிந்ததும் கழுவித் துடைத்துத் தொங்கவிடுங்கள். முகவாய்த் தோல்பட்டை வியர்வையில் விறைத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதுவே உப்புத்தாள் மாதிரி அராவும்.

புண் இருக்கும்வரை பிட் வேண்டாம். உப்பு நீரால் கழுவிவிட்டு ஆறவிடுங்கள். கடைவாய் பிளந்திருந்தால், ஈறில் ஆழமான வெட்டு தெரிந்தால், வாயில் நாற்றம் வந்தால், வைக்கோலை மென்று உருண்டையாகத் துப்பினால், ஒரே மூக்கில் சளி வடிந்தால், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கர்ப் கட்டாயம் வேண்டும் என்றால்

முதலில் கட்டாயமா என்று பாருங்கள். வீட்டுச் சவாரிக்குத் தேவையில்லை. வெஸ்டர்ன் டிரசாஜில் எல்லா நிலையிலும் ஸ்னாஃபில் செல்லும். அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்க விதிப்படி நடக்கும் வெஸ்டர்ன் பிரிவுகளில் பொதுவாக 6 வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைக்குக் கர்பும் ஒற்றைக் கையும் கேட்பார்கள். அங்கே ஷாங்க் 8½ அங்குலம் வரை போகலாம். நமக்கு அதில் பாதியே தாராளம். இன்னொரு பக்கம், சர்வதேச விதிப்படி நடக்கும் டிரசாஜ் போட்டியில் வெஸ்டர்ன் கர்ப் செல்லாது. இரண்டிலும் போகும் குதிரைக்கு இரண்டு பிட் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேடுவது இது: பின்னால் சாய்ந்து வளைந்த குட்டை ஷாங்க், வாய்க்கம்பியோடு சேரும் இடத்தில் தனியாக அசைவது, தாழ்வான, அகலமான போர்ட் (வாய்க்கம்பியின் நடு வளைவு), நாக்குக்கு இடம் விடும் அளவுக்கு மட்டும், அகலத் தோல்பட்டை. மூட்டு பிட்டில் பழகிய குதிரைக்கு பில்லி ஆலன் வகை நல்ல பாலம்: மூட்டின் மேல் உருளை ஒன்று மூடியிருப்பதால் ஓர் அளவுக்கு மேல் மடியாது. ஒரே துண்டாக வார்த்த நீண்ட நேர் ஷாங்க், உயரமான போர்ட், முறுக்குக் கம்பி மூன்றும் என் அலமாரியில் கிடையாது.

வாங்கி வந்ததும் ஏறிவிடாதீர்கள். முதல் மூன்று நாள் வார் இல்லாமல் வாயில் இருக்கட்டும், பதினைந்து நிமிடம் போதும். அடுத்த மூன்று நாள் தரையில் நின்று வாரை உயர்த்தி, குதிரை முகவாயைத் தளர்த்தியதும் உடனே விடுங்கள். பிறகு ஏறி நடை மட்டும். ஏதாவது ஒரு நாள் வாய் காய்ந்தோ பிளந்தோ போனால், மறுநாள் பழைய ஸ்னாஃபிலைப் போட்டு நடத்துங்கள். அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், புதிய பிட் வாங்கியதும் பழையதை விற்றுவிடாதீர்கள். எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். மாட்டுவதற்கு முன் கழுவிக்கொண்டால் போதும்.